மூன்று நாள் வேகம்

என் அக்கா மகன் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் மேலாண்மையும் ஒன்றாகப் படிக்கிறான். ஒன்றைப் படிப்பவர்களுக்கே கால் தரையில் பாவாது, இவன் இரண்டு. தேநீர் வேண்டுமா என்று கேட்டால்கூடத் தேவை, அளிப்பு என்று ஆரம்பித்துவிடுவான். அப்போது அக்கா முகத்தில் வரும் பூரிப்பைப் பார்க்க வேண்டுமே. அவளுக்கு ஒரு எழவும் புரியாது. எனக்கும் புரியாது, ஆனாலும் தெரு முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

அக்காவும் நானும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி மடிப்பவர்கள். மொத்தம் ஒன்பது பெண்கள், ஒரு நீள மேசை, இயந்திரத்திலிருந்து சுடச்சுட வந்து விழும் விரிப்புகள். கடைசி ஆண்டு ஆய்வுக்கு இடம் வேண்டும் என்று துரை எங்கள் அறைக்கே எழுந்தருளினார். இரண்டு பாடத்துக்கும் அந்த ஒரே ஆய்வு போதுமாம். மூலையில் நாற்காலி போட்டு, கடிகாரமும் கையுமாக மூன்று நாள் உட்கார்ந்திருந்தான்.

நம்ம பிள்ளை பார்க்கிறான், மானத்தை வாங்கிவிடாதீர்கள் என்று எல்லாரையும் முடுக்கிவிட்டவள் நான்தான். முதுகுவலிக்காரி ஒரு தடவைகூட உட்காரவில்லை. ஓயாமல் கதை அளப்பவள் மூன்று நாளும் வாயைத் திறக்கவில்லை. நாலு மணிக்கு முடியும் வேலை ஒன்றரைக்கே முடிந்தது. நாலாம் நாள் பாதிப் பேருக்குக் கையைத் தூக்க முடியவில்லை. ஒன்பது பெண்கள் பேசாமல் வேலை செய்யும் அறையை இவன் உலகத்தில் வேறெங்கே பார்த்தானாம்? இரண்டு பாடம் படித்த மூளைக்கு அந்தச் சந்தேகம்கூட வரவில்லை.

ஆய்வு முதல் பரிசு வாங்கியது. ஆஸ்பத்திரி நிர்வாகம் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டது. இந்த வேலைக்கு ஆறு பேர் தாராளம் என்று அதில் படம் போட்டு விளக்கியிருந்தான். அடுத்த மாதம் கடைசியாகச் சேர்ந்த மூன்று பேரை அனுப்பிவிட்டார்கள். பதினோரு வருஷம் உழைத்த நானும் அந்தக் கடைசி மூன்றில் ஒருத்தி.

ஒரு வாரம் வேலை தேடி அலைந்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அளந்தது தப்பு என்று நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுது, எங்களைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று அவனிடம் கேட்டேன். துரை ஆறுதல் சொன்னார். வேலை போனவர்கள் வேறு வேலைக்கு நகர்ந்துவிடுவார்களாம், அது பொருளாதாரம். அதை அவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டுமாம், அது மேலாண்மை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்கு நல்ல மார்க் வரணும்னுதான்டா ஒன்பது பேரும் அப்படி ஓடினோம். தினமும் ஓட முடியுமா?"

அவன் முகம் வெளுத்தது. கொஞ்சம் உறைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"இதை அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா சித்தி? இப்ப தப்புன்னு எழுதினா பரிசு போயிடும், பட்டமும் போயிடும்."

எங்கள் மூன்று பேரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்கா நாலு அறை விடுவாள் என்று அவளைப் பார்த்தேன். ஒன்பது பேர் வேலையை ஆறு பேராக இழுத்து அவள் விரல்கள் வீங்கிக் கிடந்தன. அவள் என்னை வாசலுக்குக் கூட்டிவந்து, அவனுக்குக் கேட்காதபடி கதவைச் சாத்தினாள்.

"அவனை எழுதச் சொல்லாதடி. நாங்க ஆறு பேரும் எப்படியாவது அந்த வேகத்துக்கு வந்துடுறோம்."