அரபிக்கு ஒரு ரேட், நமக்கு ஒரு ரேட்

குவைத்தில் கரண்டு யூனிட் என்ன விலை என்று எழுபதுகளில் எங்கள் தெருவில் யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள். நான் குவைத்தைப் பார்த்ததில்லை. தூத்துக்குடியை விட்டு ஆழ்வார்திருநகரிக்குச் சாமி கும்பிடப் போனதுதான் அதுவரை என் பெரிய பயணம். ஆனாலும் அந்த ஊர்க் கரண்டு விஷயம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அங்கே அரபிக்கு ஒரு ரேட், பிழைக்கப் போன நம் ஆளுக்கு ஒரு ரேட். நமக்கு இரண்டு மடங்கு. வெயில் காலத்தில் ஏ.சி. இல்லாமல் அந்த ஊரில் மனுஷன் பிழைக்க முடியாது, ஏ.சி. ஓடினால் சம்பளத்தில் பாதி பில்லுக்கே போய்விடும். தனியாள் என்றால் ஆறு பேர் ஓர் அறையில் கிடந்து பில்லைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். குடும்பத்தோடு தனி வீடு என்று போனால் அவ்வளவுதான், கஞ்சிக்கும் மிஞ்சாது.

இவ்வளவையும் எனக்குச் சொல்லித் தந்தவர் என் வீட்டுக்காரர்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அவர் பழைய துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தார். புதுத் துறைமுக வேலை நடந்தபோது கிரேன் பழகிக்கொண்டார். கிரேன் ஓட்டத் தெரிந்தவர்களைக் குவைத்துக்கு எடுக்கிறார்கள் என்று பம்பாயிலிருந்து ஏஜெண்ட் ஒருவன் வந்தான். இவரும் பேர் கொடுத்துவிட்டுப் போனார். "ஆறு மாசம் பொறு, ஒன்னையும் கூப்பிட்டுக்கிடுதேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். அதை நம்பி இரண்டு புதுச் சேலைகளை மடிப்புக் கலைக்காமல் பெட்டியில் வைத்திருந்தேன். ஆறு மாதம் இரண்டு வருஷமாயிற்று. முதல் லீவில் வந்தவர், கூடவே ஒரு டேபிள் ஃபேனையும் இந்தக் கரண்டு கதையையும் கொண்டுவந்தார்.

சாப்பிட உட்கார்ந்திருந்தபோது சொன்னார். "நீ வந்தேன்னு வையி, நான் சம்பாதிக்கதப் பூரா ஏ.சி.தான் தின்னும். கொஞ்ச நாள் போவட்டும்ளா." குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அத்தை, அதாவது என் மாமியார், கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எம் மவன் அங்கன கெடந்து வேகான்" என்றாள். எனக்கும் அழுகை வந்தது. கேள்வி ஒன்றும் வரவில்லை.

அவர் திரும்பிப் போனதும் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அங்கே ஒருத்தர் கரண்டுக்குக் கொட்டி அழும்போது இங்கே நாம் சொகுசு பண்ணக் கூடாது. அந்த டேபிள் ஃபேனுக்கு உறை தைத்துப் போட்டேன். விருந்தாள் வந்தால் மட்டும் உறை கழலும். இரண்டு பல்பில் ஒன்றைக் கழற்றி வைத்தேன். மீட்டர் பார்க்க வருகிறவர் அட்டையில் எழுதிவிட்டு, "ஊருக்குப் போயிருந்தியளோ? வீடு பூட்டிக் கெடந்துச்சா?" என்று கேட்டார். எனக்கு அது பெரிய பட்டம் கொடுத்த மாதிரி இருந்தது. அந்த வருஷங்களில் பவர் கட் வேறு. கரண்டு போனதும் தெருவே கூடி நின்று கரண்டு ஆபீஸ்காரனைத் திட்டும். எங்கள் வீட்டில் மட்டும் கரண்டு மிச்சம் என்று ஒரு திருப்தி. இன்று அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனி மாதம் மேற்கேயிருந்து கச்சான் காற்று அனலை அள்ளிக்கொண்டு வரும். மத்தியானத்தில் தரையில் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியை மேலே போட்டுக்கொண்டு நானும் அத்தையும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கிடப்போம். உறை போட்ட ஃபேன் எங்களைப் பார்த்தபடி மூலையில் நிற்கும். அத்தைக்கு இரண்டு முழங்காலும் வீங்கியிருக்கும், கைபிடித்து எழுப்பினால்தான் எழுந்து நிற்க முடியும். அந்த உடம்போடு எனக்கு ஓலை விசிறியால் விசிறிக்கொண்டே இருப்பாள். "தூங்குளா, எனக்குத்தான் தூக்கம் வரல்ல" என்பாள். நான் சின்ன வயதிலேயே அம்மாவைப் பறிகொடுத்தவள். அந்த விசிறிக் காற்றுக்காகவே அந்தக் காலைத் தேய்த்துவிடலாம் என்று இருந்தது. தேய்த்தும் விட்டேன், தினமும்.

எல்லாம் சரி, ஒன்று மட்டும் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புருஷன் முகம் பார்க்கிறவளிடம் போய், "விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்பதற்கு இந்த ஊரில் ஆள் பஞ்சமில்லை. எனக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளை வேண்டும், அதற்கு அவரோடு போய் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. அதற்குக் குறுக்கே நின்றது கரண்டு. கண்ணால் பார்க்காத ஓர் ஊரின் கரண்டு ஆபீஸை நான் சபித்த மாதிரி யாரும் சபித்திருக்க மாட்டார்கள்.

பக்கத்துத் தெருவில் ஒரு பெண், என்னைவிடச் சின்னவள். அவள் புருஷனும் அதே கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறவர்தான். அவர் அவளைக் கூப்பிட்டபோது நான் வலியப் போய்ப் புத்தி சொன்னேன். கரண்டு பில் எவ்வளவு வரும் என்று கேட்டு வைத்துக்கொண்டு போ என்றேன். அவள் சிரித்துவிட்டு அடுத்த வாரமே விமானம் ஏறிவிட்டாள். பாவம், திண்டாடப் போகிறாள் என்று நானும் அத்தையும் பேசிக்கொண்டோம்.

திண்டாடியவள் இரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் வந்து இறங்கினாள். இடுப்பில் ஒரு பையன், நல்ல புஷ்டியாக. பந்திக்குக் காத்திருந்த பொம்பளைகள் நடுவில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, மெய்யான இரக்கத்தோடு, "கரண்டு பில்ல எப்படித்தான் சமாளிக்க?" என்று கேட்டேன்.

"எந்தப் பில்லு, அக்கா?"

"கரண்டு பில்லு. ஏ.சி. ஓடணும்லா."

"அது கம்பெனி வீடுல்லா. வாடக, கரண்டு, தண்ணி எல்லாம் அவன் பாடு. நாங்க கடைக்குப் போவும்போதுகூட ஏ.சி.ய அமத்த மாட்டோம். திரும்பி வரும்போது வீடு கொதிக்குமுல்லா. ராத்திரி கம்பளி போத்திக்கிட்டுல்லா படுக்கோம்" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அரபி ரேட்டும் நம் ரேட்டும் நான் சொல்லித் தெரிந்தவைதான்.

அவள் அத்தோடு விட்டிருக்கலாம். குரலைத் தாழ்த்தி, "ஒங்க வீட்டுக்காரவுகளுக்கும் வீடு தாரேன்னுதான கம்பெனில சொன்னாவ. அவுகதான் வேண்டாம்னுட்டாவ. நீங்க வர மாட்டேங்கியன்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காவ" என்றாள்.

பந்தி போட்டார்கள். இலையில் என்ன வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் வர மாட்டேன் என்றேனாம். பெட்டியில் அந்த இரண்டு சேலையும் மடிப்பிலேயே நைந்துகொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "அவ சும்மா பெரும பீத்துதா. நீ சவத்த விடு" என்றாள். பாதி நம்பினேன். மீதிப் பாதியை வைத்துக்கொண்டு அவர் லீவில் வரும்வரை காத்திருந்தேன். கேட்டு எழுதிப் போட்டால் யோசித்துப் பதில் எழுத அவருக்கு நேரம் கிடைத்துவிடும். முகத்துக்கு நேரே கேட்க வேண்டும் என்று இருந்தேன்.

வந்த மறுநாள் காலையில் முற்றத்தில் கண்ணாடியை மாட்டிவைத்துச் சவரம் பண்ணிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அத்தை அரிவாள்மணையில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் தூணோரம் நின்று, "கரண்டுக்கு யாரு ரூவா கெட்டுதாவ?" என்று கேட்டேன்.

"எங்க?"

"குவைத்துல."

பிளேடு ஒரு நொடி நின்றது. "அது முன்ன நாமதான் கெட்டுனோம். இப்ப சட்டத்த மாத்திட்டான்" என்றார். அந்தப் பெண் சொன்னதை முழுதாகச் சொன்னேன். கம்பெனி வீடு, கம்பளி, நான் வர மாட்டேன் என்றது, ஒன்றையும் விடவில்லை. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அவர் திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை. "அம்மாட்ட கேளு" என்றார்.

அத்தை கையிலிருந்த மீனைக் கீழே வைக்கவில்லை. "நாந்தான் சொல்லச் சொன்னேன்" என்றாள். "மூத்தவன் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டுப் பம்பாய்க்குப் போனான். ஒங்க மாமா செத்த அன்னைக்குத்தான் வந்து எட்டிப் பாத்தான். இவனும் அப்படிப் போயிட்டாம்னா இந்தக் கால வச்சிக்கிட்டு நான் எங்கன போவேன்?"

"அதுக்கு எதுக்கு அத்தை கரண்டு?"

"அரிசி வெல, வீட்டு வாடகன்னா நீ கணக்குப் போட்டுருவ. நாலு பேர்ட்ட விசாரிச்சிருவ. கரண்டு கண்ணுக்குத் தெரியாதுல்லா."

என்னை எவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாள். எனக்குக் கணக்கு வரும் என்று தெரிந்து, கணக்குப் போட முடியாத இடமாகப் பார்த்துப் பொய்யை வைத்திருக்கிறாள். அதைவிட எனக்கு ஆறாதது வேறொன்று. அந்த ஆனி மாத மத்தியானங்களில் அவளும்தான் வெந்தாள். குவைத்தில் மகன் காசு கரண்டுக்குக் கரியாகவில்லை என்று தெரிந்துகொண்டே, வீங்கிய காலோடு என் பக்கத்தில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு கிடந்தாள். எனக்கு விசிறியும் விட்டாள். அது பாசமா நடிப்பா என்று நான் இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன். இரண்டும் என்றுதான் தோன்றுகிறது. அப்படித் தோன்றும்போது இன்னும் கோபம் வருகிறது.

அவர் முகத்தைக் கழுவிவிட்டு வந்தார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. இந்தத் தடவ பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுவோம். நீ வா" என்றார். இந்த ஒரு சொல்லுக்குத்தான் அத்தனை வருஷம் காத்திருந்தேன். அது காதில் விழுந்ததும் என் வாயில் வந்தது, "அத்தைய யாரு பாத்துக்கிடுதது?"

அத்தை தலை நிமிர்ந்தாள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவளிடம் சொன்னார்: "பாத்தியாம்மா? நான் அப்பவே சொன்னேம்லா. இவட்ட நேரா கேட்டாலே இருந்துருவான்னு."

அதைப் பெருமையாகத்தான் சொன்னார். தன் பெண்டாட்டியின் குணத்தைத் தானே மெச்சிக்கொள்ளும் முகம். பொய்யைக்கூட என்னால் ஒருவேளை பொறுத்திருக்க முடியும். கேட்டால் இருப்பேன் என்று தெரிந்தும் கேட்காமல் விட்டார் என்பதைப் பொறுக்க முடியவில்லை. அத்தை முன்னால் இருந்த மீன்சட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

அன்று சாயங்காலமே போட்டோ ஸ்டுடியோவுக்குப் போய்ப் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு அத்தையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவர்கள் இரண்டு பேருமாகப் பேசி ஓட்டப்பிடாரத்திலிருந்து அத்தையின் தங்கையை வரவழைத்தார்கள். விதவை, பிள்ளைகுட்டி இல்லை, அக்காவோடு இருக்கச் சந்தோஷமாக வந்தாள். ஒரு வாரத்தில் முடிந்த காரியம் அது.

அவர் லீவை நீட்டிக்கொண்டார், விசா வந்தது. கிளம்புகிற அன்று அத்தையைக் கைபிடித்து எழுப்பி நிறுத்தி, காலில் விழுந்தேன். அவள் என் கையை விடவில்லை. அவள் மட்டும் அப்போது, "இங்கனயே இருளா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெட்டியை இறக்கி வைத்திருப்பேன். அவள் கேட்கவில்லை. வாசலில் கார் வந்து நிற்கும்வரை அவரும் கேட்கவில்லை.