இவருக்கு மயக்க மருந்து தாங்காது என்றார்கள்

போன வருடம் மாரி தொடங்கிய நேரம். சல்லிக் கிராமத்தில் எங்கள் முற்றத்தில் காய்ந்த கருவாட்டை மழைக்கு முன் அள்ளப் போன என் கணவர் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அவருக்கு எண்பத்திரண்டு வயது. இருதயமும் பலவீனம்.

ஆஸ்பத்திரியில் கட்டிலை அசைத்தாலே கத்தினார். ஒப்பரேஷன் செய்யவேண்டும், ஆனால் மயக்க மருந்தில் ஆபத்து உண்டு என்றார்கள். அந்த இரண்டாவது கதையை மட்டும் அவரது தம்பி பிடித்துக்கொண்டார்.

"அண்ணி, வயசு போன ஆள். மயக்கினா எழும்பமாட்டார். அண்ணனை வீட்டை கொண்டு போவம். பந்தலுக்கும் சொல்லி வைக்கட்டோ?"

உயிரோடு கிடக்கிறவரின் காதுபடக் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காலமெல்லாம் கடலோடு மாரடித்த மனிதரை, கத்தக் கத்தப் போட்டுவிட்டு நாள் பார்ப்பதா?

மாலையில் எங்கள் அம்மாள் கோயிலுக்குப் போனேன். நேர்த்தி வைக்கவில்லை. சண்டை பிடித்தேன்.

"தாயே, எடுக்கிறதெண்டால் நீ எடு. ஏலாதெண்டு சொல்ல இவங்கள் ஆர்? வழி தெரிஞ்ச ஒராளை என்ர முன்னால கொண்டுவந்து நிப்பாட்டு!"

கோபத்தில் கண்ணீர்கூட வரவில்லை.

மறுநாள் காலை மயக்க மருந்து டொக்டர் வந்தார். மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை. முதலில் என் கணவரின் தொடையடியில் ஓர் ஊசி போட்டு நோவைக் குறைத்தார். கத்தல் அடங்கியது. பிறகு கதிரையை இழுத்துப்போட்டுக் கட்டிலருகே இருந்தார்.

"அம்மா, முழுசா மயக்கத் தேவையில்ல. முதுகில ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ விறைக்க வைக்கலாம். ஆபத்து இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆனா இப்பிடியே படுக்கவிட்டா அதைவிட ஆபத்து. நெஞ்சில சளி கட்டும், முதுகில புண் வரும்."

பிறகு இவர் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்கள் என்ன சொல்றீங்கள்?"

அதுவரை ஒருவரும் இவரைக் கேட்கவில்லை. நானும்தான்.

"எனக்கு எழும்பி நடக்கோணும், பிள்ளை," என்றார்.

தம்பி வாய் திறக்க வந்தார். "நீர் பேசாமல் இரும்," என்றேன்.

ஒப்பரேஷன் தியேட்டர் வாசலில் நின்று அம்மாளின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே கொண்டுவந்தபோது இவர் கண் திறந்திருந்தார்.

"இஞ்சேரும், உள்ளுக்க ஒரே சுத்தியல் அடி. ஆரோ வள்ளம் கட்டுறாங்களாக்கும் எண்டு நினைச்சன்."

அப்போதுதான் அழுதேன்.

மறுநாளே எழுப்பி நிறுத்தினார்கள். கொஞ்ச நாள் ஆளை அடையாளம் தெரியாமல் மாறாட்டமாகக் கதைத்தார்; பிறகு தெளிந்தது. இப்போது நாலுகால் நடைச் சட்டத்தைப் பிடித்தபடி கடற்கரைக்குப் போய், வலை இழுக்கிறவர்களைக் குறை சொல்லிவிட்டு வருகிறார். தம்பியும் வந்து தேத்தண்ணி குடிக்கிறார். நான் இன்னும் அவரை மன்னிக்கவில்லை. அம்மாளிடமும் அதை ஒளிக்கவில்லை. முன்பெல்லாம் அவள் முன்னால் பயந்து நிற்பேன்; இப்போது மனம் விட்டுக் கதைக்கிறேன்.

அடியவர்களே, உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு நாள் வந்தால் அவளை நம்பிக் கேளுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடேயே கேளுங்கள். அவளுக்குக் காது உண்டு. பிறகு ஆஸ்பத்திரியில் நின்று, மயக்க மருந்து டொக்டரோடு கதைக்கவேண்டும் என்று கேளுங்கள். விழுந்து கிடக்கிறவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.