கடல் தொட்டியில் கேட்ட பல்லிச் சொல்

குழாயடியில் ஊரே குடத்தோடு காத்துக்கிடந்த ஒரு கோடையில், என் கணவர் வேம்பார்க் கடற்கரையிலிருந்து நான்கு மண்ணெண்ணெய் டின்கள் நிறையக் கடல்நீரை பஸ்ஸின் மேல் ஏற்றிக் கோவில்பட்டிக்குக் கொண்டுவந்தார். தெருவில் எவராலும் அதை மன்னிக்க முடியவில்லை. எதிர்வீட்டு அக்கா ஒரு டின்னில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அதே பஸ்ஸில் ஒரு குடம் நல்ல தண்ணீர் வந்திருக்கக்கூடாதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

என் கணவருக்குப் பருத்தி அரவை ஆலையில் கணக்கு வேலை; மனமெல்லாம் மீன்களின் மேல். படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் ஒரு கண்ணாடித் தொட்டி செய்துவாங்கி, கூடத்தின் கிழக்கு மூலையில் நீண்ட பெஞ்சின் ஒரு முனை மேல் வைத்தார். உள்ளே மணல், துளை துளையான கடற்பாறைத் துண்டு ஒன்று, இரண்டு சிறு மீன்கள். லாரி டியூபில் காற்றடைத்து, அதிலிருந்து மெல்லிய குழாய் வழியே நீருக்குள் குமிழ் விடச் செய்தார்.

நாங்கள் அழைத்துவந்தது மீன்களை மட்டுமே. கல்லுக்குள்ளிருந்தவை தாமாகவே உடன் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் தலைகாட்டும்போது, அது இன்னதென்று கண்டறிவது எனக்கும் என் நாத்தனாருக்கும் வேலையாயிற்று. எஸ்.எஸ்.எல்.சி. தேறிய அவள், பாளையங்கோட்டைக்கு ஆசிரியப் பயிற்சிக்குப் போவதற்குத் தன் தாயின், அதாவது என் அத்தையின், சம்மதத்தை எதிர்பார்த்திருந்தாள். அத்தை பிடிகொடுக்கவில்லை. ஆகவே நாங்கள் இருவரும் என் கல்லூரி விலங்கியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தொட்டியின் முன் உட்கார்ந்திருந்தோம்.

முதலில் வந்தது பக்கமெல்லாம் மயிர்க்கற்றைகள் கொண்ட சிவந்த புழு. அத்தை அதைப் பூரான் என்றே கடைசிவரை சொன்னார். அடுத்தது, கல்லின் மேல் சட்டைப் பொத்தானளவு மலர்ந்த கடல்சாமந்தி என்னும் பிராணி. அதைப் பூவென்று ரசித்த அத்தை, அது ஒரு மீனின் வாலைப் பற்றி இழுத்ததைக் கண்ட நாள் முதல் அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

ஒரு நண்பகல், அத்தை பெஞ்சில் கையூன்றி எழுந்தபடி, மகளைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினால்தான் என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மூலையில் ‘டக்’ என்றது. அத்தை உடனே பெஞ்சின் பலகையை விரல் நுனியால் தட்டி, “கிருஷ்ணா, கிருஷ்ணா” என்றார். மறுபடியும் ‘டக்’. கிழக்கிலிருந்து பல்லி இருமுறை சொல்லிவிட்டபின் அவருக்கு ஐயமில்லை. போய் வரட்டும் என்றார்.

சுவரிலோ ஒரு பல்லியும் இல்லை. ஓசை நீருக்குள்ளிருந்து வருவதாக எனக்குத் தோன்றியது. பெஞ்சைத் தட்டிப் பார்த்தேன், பதில் வந்தது. புத்தகத்தில் அதற்கும் ஒரு பக்கம் இருந்தது: ஒரு கொடுக்கு மட்டும் பருத்த சிறு இறால், அதிர்வு பட்டால் அந்தக் கொடுக்கைப் படீரென்று சொடுக்கும். நாத்தனார் படித்துவிட்டு, சத்தமில்லாமல் புத்தகத்தை மூடினாள்.

“மதினி, அம்மைக்கு இது தெரியாண்டாம்.”

எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

இரண்டொரு நாளில் விளாத்திகுளத்திலிருந்து அத்தையின் தம்பி வந்தார். மிளகாய் வியாபாரி, குரலிலும் காரமுண்டு. பெண்ணைப் படிக்க அனுப்பி ஆவதென்ன, தன் மகனுக்கே கட்டிவிடுவோம் என்று சொல்லிப் பெஞ்சில் ஓங்கி ஓர் அறை அறைந்தார். ‘டக்’.

“பாத்தியாக்கா? பல்லியே சொல்லிட்டுல்லா!”

அத்தை திகைத்துப்போனார். படிப்புக்கும் சரி, கல்யாணத்துக்கும் சரி என்கிற பல்லிக்குப் பஞ்சாங்கத்தில் பலன் போட்டிருக்கவில்லை. பிந்திச் சொன்னதே செல்லும் என்று தம்பி தீர்ப்பளித்தார். அத்தையின் தலை மெல்ல அசையத் தொடங்கியது.

அடுக்களை வாசலில் நின்ற நாத்தனார் என்னைப் பார்த்தாள். “மதினி, கல்ல வெளிய எடுங்க” என்றாள்.

ஓர் அலுமினியக் குண்டாவில் கடல்நீர் ஊற்றிக் கல்லை அதில் வைத்து, நடுக்கூடத்தில் இறக்கினேன். தரையைத் தட்டியதும் ‘டக்’ என்றது. மூவரும் குனிந்தார்கள். துளையொன்றிலிருந்து அரைவிரல் நீள இறால், தன் உடம்புக்கு ஒவ்வாத பெரிய கொடுக்கோடு எட்டிப் பார்த்தது. நான் விளக்கிச் சொன்னேன்.

“இந்தப் பொடி இறாலுக்கா நான் பந்தக்கால் வரைக்கும் யோசிச்சேன்?” என்றார் தம்பி.

அத்தை மகளை நிமிர்ந்து பார்த்தார். “அப்போ, அன்னைக்குப் பாளையங்கோட்டைக்குச் சொன்னதும்?”

“இதுதாம்மா.”

தனக்கிருந்த ஒரே சாட்சியையும் அவள் தன் வாயாலேயே தள்ளிவிட்டாள். தம்பி பெஞ்சிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அத்தை சுவரைப் பார்த்தார், விட்டத்தைப் பார்த்தார். கேட்பதற்கு அந்த வீட்டில் வேறு யாரும் மிச்சமில்லை.

“நீ என்னட்டி சொல்லுத?”

“நான் படிக்கப் போறேம்மா.”

அவள் கை தாவணி நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது. அத்தை அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது வீட்டிலிருந்தவர்களில் பரணுக்குக் கையெட்டும் உயரம் அவர் தம்பி ஒருவருக்குத்தான். அத்தை அவர் பக்கம் திரும்பினார்.

“ஏலே, அங்கன மேல தகரப்பெட்டி இருக்கு. இவளுக்குத் துணிமணி அடுக்க எடுத்துக் குடு.”