முன்பக்கத்துக்கு மட்டும் டை

என் அம்மாவுக்கு முன்பக்கம் மட்டும் வயது ஏறவே இல்லை. நெற்றிக்கு மேலே, வகிட்டின் இரண்டு பக்கமும், காது மடல் வரைக்கும் முடி மை மாதிரி கருப்பாக இருக்கும். காதைத் தாண்டிப் பின்னால் போனால் வேறு ஆள். உச்சியிலிருந்து இடுப்பு வரை தொங்கிய பின்னலில் பாதிக்குப் பாதி நரை. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்து முழுக்க இது தெரியும். முக்கில் பூ விற்கிற அம்மாள், அம்மா பூவை வாங்கிக்கொண்டு திரும்பி நடக்கும்போதெல்லாம், “இன்னாம்மா இது, முன்னாடி கல்யாணப் பொண்ணு, பின்னாடி பென்சன் கேஸு?” என்று கேட்காமல் விடமாட்டாள். அம்மா சிரித்துக்கொண்டே படியேறி வந்துவிடுவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

விஷயம் இதுதான். அப்பா குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு ஆனதும் வீடியோவில் கூப்பிடுவார். கைப்பேசியில் என்ன தெரியும்? முகமும், அதற்கு மேல் கொஞ்சம் முடியும். அந்தக் கொஞ்சத்தைக் கருப்பாக்கினால் போதும் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். பின்னந்தலை அவள் கைக்கு எட்டாது, கண்ணுக்கும் தெரியாது. அதைப் பார்க்க வேண்டிய ஒரே ஆளும் ஊரில் இல்லை. பிறகு எதற்கு வீண் வேலை?

செவ்வாய், வெள்ளி, அமாவாசையில் டை தொடக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்தே ஆக வேண்டும் என்பதும் சட்டம். ஆகவே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், தையல் மெஷினை மூடிவிட்டு, கிழிந்த நைட்டியைப் போட்டுக்கொண்டு, காதோரமும் நெற்றியிலும் கறை பிடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷோடு நிற்பாள். நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்வேன். மறுநாள் சீயக்காய்க் குளியல், சாம்பிராணி, தலை நிறையப் பூ. கைப்பேசியைத் தையல் மெஷின்மேல் சாய்த்து வைத்துவிட்டு நேராக உட்காருவாள். தப்பித்தவறிக்கூடத் தலையைத் திருப்ப மாட்டாள். அடுக்களையில் பால் பொங்கினால் நான்தான் ஓட வேண்டும்.

அடையாறில் இருந்த பெரியம்மாவுக்கு, அதாவது அம்மாவின் அக்காவுக்கு, இந்தக் கூத்தைக் கண்டாலே ஆகாது. பெரியம்மா மாதாமாதம் பார்லருக்குப் போகிறவள். அங்கே ஏசி உண்டு, காப்பி உண்டு, தலையைப் பிடித்துவிட ஆள் உண்டு. “ஏண்டி, பாத்ரூம்ல நின்னு பூசிக்கறது எல்லாம் ஒரு டையா? செவுத்துக்கு சுண்ணாம்பு அடிக்கற மாதிரி” என்பாள். எனக்கும் உள்ளூரப் பெரியம்மா கட்சிதான். பார்லர் என்கிற அந்த இடத்தின் வாசனையை அவள் கைப்பையைத் திறந்தாலே உணரலாம்.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது, மூன்று வருஷத்துக்குப் பிறகு அப்பாவுக்கு ஒரு மாச லீவு கிடைத்தது. அம்மாவுக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே சந்தோஷம் பயமாக மாறிவிட்டது. பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். “இதை என்ன பண்ண?” என்று என்னைக் கேட்டாள். விட்டுப்போன மாதிரியே அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. வீடு பெருக்கினாளோ இல்லையோ, எந்நேரமும் அதே நினைப்பு.

முதலில் பின்னந்தலைப் பொறுப்பு என்னிடம் வந்தது. நானும் மனசார உழைத்தேன். கழுத்து, ரவிக்கை, இரண்டு காது, குளியலறைக் கதவு எல்லாம் கருப்பானது. முடி மட்டும் திட்டுத்திட்டாக மாட்டு முதுகு போல ஆகிவிட்டது. அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. பெரியம்மாவுக்குப் போன் போட்டாள்.

அடையாறு பார்லரில் எங்களைச் சுழல் நாற்காலிக்கு முன்னால் நிறுத்தினார்கள். அங்கே வேலை செய்த பெண் அம்மாவின் முடியை விரலால் பிரித்துப் பார்த்துவிட்டு, “முழுக் கருப்பு வேணாம் ஆன்ட்டி, லேசா பிரௌன் போட்டா நேச்சுரலா இருக்கும்” என்றாள். அம்மா அசையவில்லை. “இல்லம்மா, கருப்பே போடு. அவர் போறப்ப இருந்த மாதிரி” என்றாள். அந்தப் பெண் சிரித்தாள், பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வெளியே வரும்போது அம்மாவின் பின்னல் வெயிலில் பளபளத்தது. பஸ்ஸில் நான் வேண்டுமென்றே அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு வந்தேன். பூக்கார அம்மாள்கூட அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் ஒரு கண்ணி பூ கூடக் கொடுத்தாள்.

வீடியோவில் அப்பாவை எப்போதும் தொப்பியோடுதான் பார்த்திருக்கிறோம். விமான நிலையத்தில் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவருக்குத் தொப்பி இல்லை. தலை முழுக்க வெள்ளை. எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவர் அம்மாவையே பார்த்துக்கொண்டு வந்து, “நீ அப்படியே இருக்கியே” என்றார். எந்த வார்த்தைக்காக அம்மா அத்தனை பாடுபட்டாளோ அதே வார்த்தை. அவள் முகம் மலர்ந்துவிடும் என்று காத்திருந்தேன். அவளோ அவர் தலையைப் பார்த்துவிட்டுத் தன் முந்தானையை இழுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டாள். டாக்சியில் அப்பா டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

அடுத்த நாள் பார்க்க வந்த பெரியம்மா, “தெருவுல சேந்து நடக்காதீங்க, அப்பாவும் பொண்ணும்னு நினைச்சுக்கப் போறாங்க” என்று சொல்லிச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம் வீட்டில் ஒரு விருந்தாளி இருக்கிற மாதிரியேதான் நாள் போனது. அப்பா, குடிக்கத் தண்ணி கிடைக்குமா என்று கேட்பார். அம்மா புதுப் புடவை கசங்காமல் வந்து டம்ளரை நீட்டுவாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் என்னையே பார்த்துப் பேசினார்கள். எனக்குக் கொண்டாட்டம். கேட்டது எல்லாம் கிடைத்தது, பள்ளிக்கூடத்தில் சாக்லேட் கொடுத்தே பெரிய ஆளானேன். அம்மா மட்டும் இளைத்துக்கொண்டே வந்தாள்.

மூன்றாவது வாரம் வகிட்டில் வெள்ளை எட்டிப் பார்த்தது. குங்குமத்தை அகலமாக இழுத்துவிட்டுப் பார்த்தாள், மறையவில்லை. ஒரு மத்தியானம் கைப்பையை எடுத்துக்கொண்டு, அக்கா வீடு வரைக்கும் போய் வருகிறேன் என்று கிளம்பினாள். எதற்கு என்று அப்பா என்னைக் கேட்டார். பார்லருக்கு என்று நான் சொல்லிவிட்டேன். அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை, அவ்வளவு அவமானம் அதில். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போனார். திரும்பி வந்தபோது கையில் டை பாக்கெட் இருந்தது. “வா, மாடிக்கு” என்றார்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஸ்டூலைப் போட்டு அம்மாவை உட்கார வைத்தார். சீப்பின் முனையால் முடியை வரிவரியாகப் பிரித்தார். ஏசிக்குள் இருக்கிற கம்பி வலையைச் சின்ன பிரஷ்ஷால் துடைத்துப் பழகின கை. அவசரமே இல்லை. அரைமணி வேலை, சாயங்காலம் வரைக்கும் நடந்தது. நான் தொட்டி மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

“உங்களுக்கு எப்ப இவ்ளோ நரைச்சுது?” என்று அம்மா கேட்டாள்.

“போன மறு வருஷமே.”

“சொல்லவே இல்லியே.”

“நீ சொன்னியா?” என்றார் அப்பா. அம்மா சத்தமாகச் சிரித்துவிட்டாள். பின்னந்தலைக்கும் முன்னந்தலைக்கும் நடந்த கதையை எல்லாம், நான் குளியலறைக் கதவைக் கருப்படித்தது உட்பட, ஒப்பித்துவிட்டாள். அப்பா பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மிச்சம் இருந்த டையை அவருக்கும் அடித்துவிடட்டுமா என்று அம்மா கேட்டாள்.

“வேணாம். நரைச்ச ஆளுன்னா அங்க கட்டடத்து மேல ஏத்த மாட்டான். வெயில் தாங்காதுன்னு கீழ வேலை குடுப்பான்.”

அம்மா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். பிறகு, “எவ்ளோ ஒசரம் அது?” என்று கேட்டாள்.

“அது கெடக்கு. தலைய ஆட்டாத” என்றார் அப்பா.

பார்லர் பளபளப்பு அதில் இல்லை. வகிட்டிலும் காதுக்குப் பின்னாலும் கறை ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஏமாற்றம்தான். ஆனால் அன்றைக்கு அம்மா புதுப் புடவையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டுப் பழைய நைட்டியோடு சமைத்தாள். சாம்பாரில் உப்பில்லை என்று அப்பா சொன்னார், மூன்று வருஷம் யார் சமையலைத் தின்றீர்களோ அங்கேயே போய்க் கேளுங்கள் என்று அம்மா சொன்னாள். இருவரும் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள். வீடு பழையபடி வீடானது.

கிளம்புகிற அன்று வாசலில் பெட்டியை வைத்துவிட்டு அப்பா அம்மாவிடம் சொன்னார்: “இனிமே நீயா அடிக்காத. பார்லருக்கும் போவாத. அடுத்த லீவுக்கு வந்து நானே அடிச்சு விடறேன்.”

“அது வரைக்கும் நான் கிழவியா இருக்கணுமா?”

“நான் இல்லியா?”

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். வியாழக்கிழமைகள் வந்து போயின, கிழிந்த நைட்டி கொடியிலேயே தொங்கியது. வகிட்டில் தொடங்கிய வெள்ளை கீழே இறங்க இறங்க, அப்பா பூசிய கருப்பும் இறங்கிக்கொண்டே போனது. வெள்ளிக்கிழமை தோறும் பேச்சு முடிகிற நேரத்தில், “தலையக் காட்டு” என்பார் அப்பா. அம்மா கைப்பேசிக்கு முன்னால் குனிவாள். அவர் திரையில் விரலை வைத்துப் பார்த்து, “ஒரு விரக்கடை வந்துடுச்சு” என்பார். பிறகு இரண்டு, மூன்று. இதில் என்ன சிரிப்பு என்று எனக்குப் புரியாது, இருவரும் சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு அவள் வந்தபோது என் சிநேகிதி ஒருத்தி, உன் ஆயாவா என்று கேட்டாள். நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து, கடையில் டை பாக்கெட் வாங்கி அவள் மடியில் போட்டேன். அதை அவள் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் பத்திரமாக வைத்தாள். அப்பா வரும்போது வேண்டுமாம்.

பெரியம்மா மகளுக்கு வடபழனியில் கல்யாணம் நிச்சயமானது. அப்பா லீவு கேட்டிருந்தார், கம்பெனியில் தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா மாடியைப் பெருக்கி, ஸ்டூலின் ஆடுகிற காலுக்கு ஆணி அடித்து வைத்தாள். கல்யாணத்துக்கு முந்தின வாரம், கூட வேலை செய்தவர் ஊருக்குப் போய்விட்டதால் அப்பாவை விடமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதை அம்மா போனில் கேட்டுவிட்டு, தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அன்றைக்கே பெரியம்மா நேரில் வந்துவிட்டாள். வெள்ளை அப்போது காதுக்குக் கீழே வந்திருந்தது, அதற்குக் கீழே கருப்பு. பார்லரில் நேரம் சொல்லி வைத்திருக்கிறேன், கிளம்பு என்றாள். அம்மா வரவில்லை என்றாள்.

“வராத மனுஷனுக்காக இப்படியே நிப்பியா? சம்பந்தி வீட்டு முன்னாடி எனக்குத்தாண்டி கேவலம்.”

“கேவலமா இருந்தா நான் சமையக்கட்டுப் பக்கமே நின்னுக்கறேன்க்கா” என்றாள் அம்மா. பெரியம்மா என் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டாள். கல்யாணத்தில் அம்மா சொன்னபடியே பந்தி பரிமாறுகிற பக்கம் நின்றாள். நான் அவளுக்கு நாலு அடி தள்ளியே நின்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா கூப்பிட்டார். முகூர்த்தம், சாப்பாடு, மாப்பிள்ளையின் உயரம் எல்லாம் பேசி முடித்தார்கள். அப்புறம் பேச ஒன்றும் இல்லை. அவர் கேட்கவில்லை, அம்மாவாகவே குனிந்து தலையைக் காட்டினாள். அப்பா விரலைத் திரைக்குக் கொண்டுவந்தார். விரற்கடை எண்ணவில்லை. விரல் அங்கேயே நின்றது. அவர் கண் இமைக்கவில்லை, வாய் அசையவில்லை. அம்மாவும் நிமிரவில்லை. அவருக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த துண்டு மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அதைக் கவனிக்காமல், படம் நின்றுவிட்டது என்று நினைத்தேன். அடிக்கடி அப்படி ஆகும், அப்போதெல்லாம் வைஃபை பெட்டியை அணைத்துப் போடுவது என் வேலை. அலமாரிப் பக்கம் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன், மறுபடியும் போட்டேன். திரை இருண்டது. அம்மா குனிந்தபடியே இருந்தாள். ஒரு நிமிஷத்தில் சரியாகிவிடும் என்று அவளிடம் சொல்லிவிட்டு, பெட்டியில் பச்சை விளக்கு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.