சின்ன வீட்டுக்குத் தண்ணீர்

என் கணவருக்கு இரண்டு பெண்டாட்டி. ஒன்று நான். இன்னொன்று, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்த ஒரு கிழட்டு வேன். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்துத் துரையிடம் வாங்கியது. "எங்க, உங்க சின்ன வீட்டுக்கா?" என்பேன், அவர் வாசலுக்குப் போகும்போதெல்லாம். சிரித்துக்கொண்டே அதைத் துடைக்கப் போய்விடுவார். தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் மலேசியாவில், சுங்கை புரோங் என்ற வயற்காட்டு ஊரில் இருந்தோம்.

அந்த வருடம் அப்பாவும் அம்மாவும் எங்களோடுதான் இருந்தார்கள். அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்தவர். உட்கார வைத்தால் அலறுவார். தங்கைக்குத் தொலைவில் செரண்டா ஊர்க் கோயில் மண்டபத்தில் கல்யாணம். "உங்களால முடியலைன்னா என்ன, சித்தப்பா தாரை வார்த்துக் குடுக்கட்டுமே" என்று நான்தான் வாயை விட்டேன். அப்பாவுக்கு வந்ததே கோபம்! "நான் என்ன செத்தா போயிட்டேன்? படுத்துக்கிட்டாவது என் மகளை நான்தான் வார்த்துக் குடுப்பேன்." படுத்தபடி அவரைக் கொண்டுபோக, கட்டில் உள்ள வண்டி அந்த வேன் ஒன்றுதான்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது வேனுக்கு அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. அதற்கு எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். நடுவே தண்ணீர் போய்வர அடியில் இரண்டு நீள இரும்புக் குழாய்கள். அவர் மல்லாந்து படுத்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். விரல் உள்ளே போய்விட்டது.

"தேத்தண்ணி நிறத்துலதானே எப்பவும் இருந்துச்சு," என்றார் பாவமாக. எங்கள் வாய்க்கால் தண்ணீரே அந்த நிறம்தான். அதையே வருடக்கணக்காக வேனுக்கு ஊற்றியவர், துரு கரைந்து வந்ததையும் வாய்க்கால் நிறம் என்றே நினைத்திருக்கிறார்.

"அந்தத் தண்ணிய நீங்க குடிப்பீங்களா? எங்கப்பாவ இப்ப எதுல கூட்டிட்டுப் போறது, உங்க தோள்லயா?" நான் கத்தியது அடுத்த கம்பத்து வீடுகள் வரை கேட்டிருக்கும். அவர் வேனுக்கு அடியிலேயே கிடந்தார்.

மூன்று நாள் கிடந்தார். இற்றுப்போன பகுதிகளை அறுத்தெடுத்து, பழைய இரும்புக்கடையில் தேடிப் பிடித்த செம்புக் குழாயை வைத்து, மூட்டுக்கு மூட்டு தடித்த ரப்பர் குழாய் மாட்டிக் கிளிப்பால் இறுக்கினார். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், முகமெல்லாம் துருவோடு அடியிலிருந்து வாயைத் திறந்து காட்டினால் சோறு ஊட்டாமல் இருக்க முடியுமா?

கடைசியில் குழாய்க்குள் மாட்டிய காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு வண்டியின் மூக்கு உயர்ந்து நிற்க வேண்டுமாம். எங்கள் ஊரில் மேட்டுக்கு எங்கே போவது? எங்கும் வயல், தோசைக்கல் மாதிரி. வாய்க்கால் கரையில் முன்சக்கரங்களை ஏற்றினார். நான் பின்னால் நின்று மழைத்தண்ணீரை ஊற்ற, அவர் முன்னால் திருகைத் தளர்த்திப் பிடித்திருந்தார். புஸ் புஸ்ஸென்று காற்று வந்தது. பிறகு தண்ணீர் பீறிட, "வந்திருச்சு லா!" என்று கூவினார். வீட்டுக்குள்ளிருந்து அப்பா, "யாரு, சம்பந்தி வீட்டுக்காரங்களா?" என்று கேட்டார்.

கல்யாணத்தன்று செரண்டா வரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் மண்டபத்துக்கு அத்தனை படிகள். தூக்கினாலே அப்பா துடித்தார். அதனால் மணமக்கள் இறங்கி வேனுக்கே வந்தார்கள். கட்டிலில் படுத்தபடியே அப்பா தங்கையின் கையைப் பிடித்து மணமகன் கையில் வைத்தார். தாரை வார்க்க அம்மா சொம்பைத் தேடினால், அது மேலே மணவறையில்! நேரம் போகிறதென்று ஐயர் பறந்தார். என் கணவர் வழிக்கென்று கொண்டுவந்த மழைத்தண்ணீர் டின்னை எடுத்துவிட்டுத் தயங்கினார்.

"இது வண்டிக்கு வச்ச தண்ணி, மாமா."

"என்னை இங்க கொண்டாந்ததே அந்தத் தண்ணிதான், மாப்பிள்ளை. ஊத்தச் சொல்லுங்க."

அம்மா ஊற்றினாள். அப்பா அழுதார். நானும்தான்.

எல்லாம் முடிந்து எஞ்சின் ஆறியபோது டின்னில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"குடுங்க. நம்ம சின்ன வீட்டுக்கு நான் ஊத்துறேன்."