வோல்டேஜ் பார்த்து வாங்கிய ஃபோன்

போன வாரம் தி.நகரில் ஒரு செல்ஃபோன் கடையில் நன்றாக அசடு வழிந்தேன். உங்களிடம் சொல்லிவிட்டால் மனசு ஆறும்.

மயிலாப்பூரில் எங்களோடு இருக்கிற மாமனாருக்கு இதயக் கோளாறு. பகலில் வீட்டில் தனி. என் மனைவி லலிதா கோபாலபுரத்தில் டீச்சர். அந்தப் பள்ளிக்கு ஒரே ஃபோன். போன மாதம் நெஞ்சு வலி வந்து, அரை மணி நேரம் டயல் செய்திருக்கிறார் மனுஷர் — எங்கேஜ்டு! அன்றிலிருந்து லலிதா வேலையை விடுகிறேன் என்கிறாள். பதினெட்டு வருட சர்வீஸ். அவளுக்கு உயிரான வேலை.

"அவ கையில ஒரு செல்ஃபோன் இருந்தா போறுமே, நானே வாங்கி அனுப்பறேன்" என்றான் அமெரிக்காவிலிருக்கும் மச்சினன் சுந்தர்.

மயிலாப்பூர்க்காரன் அமெரிக்கச் சாமான் என்றால் முதலில் என்ன கேட்பான்? நூற்றுப்பத்து வோல்ட்டா, இருநூற்று இருபதா? எங்கள் வீட்டில் ஒரு மிக்ஸி புகைந்து செத்திருக்கிறது. கேட்டேன்.

"ரெண்டுலயும் ஓடும் அத்திம்பேர், பார்த்துட்டேன்!"

எனக்கு ஒரே பெருமை. ஃபோன் வந்தது. சிம் கார்டு வாங்கிப் போட்டேன். சிக்னல்? ஊஹூம். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அமெரிக்கா செட்டு சார் இது. அங்க ஃப்ரீக்வென்ஸி ஆயிரத்துத் தொள்ளாயிரம். இங்க வெறும் தொள்ளாயிரம். டவர் எடுக்காது."

"ஆயிரத்தைக் குறைக்க ட்ரான்ஸ்ஃபார்மர் மாதிரி ஏதாவது...?"

"இது இன்னா கிரைண்டரா சார்?"

எழும்பூரில் மீட்டர் கேஜ், சென்ட்ரலில் பிராட் கேஜ். ரயில் பாதையாவது கண்ணுக்குத் தெரியும். ஆளுக்கொரு அலைவரிசை போட்டுக்கொண்டவர்கள் பெட்டி மேல் ஒரு வரி எழுதக் கூடாதா? அவர்கள் ஒத்துப்போகாததற்கு நாம் இரண்டு தடவை ஃபோன் வாங்க வேண்டும். எரிச்சலாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து, எங்களுக்குக் கட்டுப்படியாகாத உள்ளூர் செட்டின் விலையைச் சொன்னேன். லலிதா ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். மாமனார் அதை வாங்கிப் படித்தார். மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, குடையும் மாத்திரை டப்பாவுமாக அவளுக்கு முன்னால் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"நானும் ஸ்கூலுக்கு வரேன்."

ஹெட்மிஸ்ட்ரஸ் நல்ல மனுஷி. லலிதாவின் வகுப்புக்கு வெளியே, வராந்தாவில் ஒரு பெஞ்ச் போட்டுக் கொடுத்துவிட்டார்.

நேற்று பாடத்தின் நடுவில், "லலிதா!" என்று ஒரு குரல். சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினாளாம்.

"ஒண்ணுமில்லேம்மா... லைன் கிடைக்கறதான்னு பார்த்தேன்."