நாலு மணிக்கு நிறுத்தாத இணைப்பு

செலின் அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் அவர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். காலடிப்பேட்டையில் எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. பைக்கில் வந்த அக்காவின் அலுவலக நண்பர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "செலின் வூடு இதானே?" என்று கேட்டார். சின்னப் பெண் ஏதோ விளையாடுகிறாள் என்று நினைத்திருப்பார். என் எதிரே கணினித் திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

நாளை முப்பதாம் நாள் பூசை. அக்காவை அறிந்த நீங்கள் எல்லோரும் வருவீர்கள். அம்மா தூங்கிய பிறகு, ஒளித்து இதை எழுதுகிறேன்.

எண்ணூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் அக்காவுக்கு வேலை. உள்ளே வரும் ஒவ்வொரு கண்டெய்னரின் விவரத்தையும் சேமித்து, கேட்கும்போது எடுத்துத் தரும் ஜாவா புரோகிராமை அவர்தான் கவனித்தார். அது மெதுவாக ஓடியது. காரணம் தேட, யார்டு சர்வரில் பாஸ்வேர்டோடு ஒரு வழி திறந்து, உள்ளே நடப்பதை வீட்டிலிருந்தே பார்க்க ஏற்பாடு செய்தார். முதல்முறை இணைப்பு கிடைத்த அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாரு, ஒரே பையில வாங்கினு வர்ற சாமானுக்கு இருபது வாட்டி கடைக்கு ஓடுது. உன்னாட்டமே கீது."

"பாக்குறதும் ஒரு சுமைதான். பாத்தமா, கையெடுத்தமான்னு இருக்கணும்" என்பார். புரோகிராமின் ஒவ்வொரு அடியையும் அளக்கும்போது அது இன்னும் மெதுவாகிவிடும் என்பது அதன் பொருள். எனக்கு அன்று புரியவில்லை.

அவர் இறந்த சனிக்கிழமை அளவீட்டைத் தொடங்கி, என்னைத் திரை முன் உட்காரவைத்துவிட்டு, ராயபுரத்தில் பல் டாக்டரிடம் கிளம்பினார். அவர் அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். "நாலு மணிக்கு நிறுத்திடு" என்று ஒரு சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்டிவிட்டுப் போனார். நான் நிறுத்தவில்லை. கோடுகள் அழகாக இருந்தன. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன்.

அளவீட்டின் சுமையில் புரோகிராம் திணறி, யார்டில் வண்டிகளை உள்ளே விடும் கேட் பாஸ் வருவது நின்றுபோனது. டிரெய்லர்கள் சாலையில் வரிசைகட்டின. அக்காவின் செல்போனுக்குத் தகவல் போனதும் அவர் வீட்டுக்கு மூன்று முறை அழைத்திருக்கிறார். போன் லைன் வழியாகவே இணையம் என்பதால், அது ஓடும்வரை அந்த வீட்டு போனுக்கு வேறு அழைப்பு வராது. "வூட்டு போன் எங்கேஜ்டாவே கீது, நானே வூட்டுக்குப் போய் நிறுத்துறேன்" என்று அலுவலகத்தாரிடம் சொன்னாராம். நின்ற டிரெய்லர்களுக்கு நடுவே ஸ்கூட்டரில் போனபோது, ஒன்று நகர்ந்தது.

"நிறுத்த மறந்துட்டா போல, பாவம்" என்று துக்க வீட்டில் அலுவலகத்தார் பேசிக்கொண்டார்கள். அக்காவின் அம்மா தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று தண்ணீர் கொடுத்தேன். சீட்டு என் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்தது.

அக்கா மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. மணி நாலடித்தது எனக்குத் தெரியும். இப்போதெல்லாம் படுத்தால் காதுக்குள் எங்கேஜ்டு ஒலி விட்டுவிட்டுக் கேட்கிறது.

நாளை பூசைக்கு முன் சீட்டை அவர் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். பயமாக இருக்கிறது. ஆனாலும் அக்கா மீது அந்தப் பேச்சு இருக்கக் கூடாது. சீட்டு போன பிறகு அவருடையதாக என்னிடம் இருக்கப்போவது, எனக்கு வந்து சேராத அந்த மூன்று அழைப்புகள்தான்.